அழித்த கை

பதினேழு வருடமாக மாதத்துக்கு ஒருமுறையாவது நான் செத்திருக்கிறேன். கயிற்றில் தொங்கியிருக்கிறேன், சரக்குக் கிடங்கில் குத்துப்பட்டுக் கிடந்திருக்கிறேன், குளியல் தொட்டியில் மூழ்கியிருக்கிறேன். பாதிச் சாவுகளில் நான் ஆண். மீசையையும் தொப்பையையும் என் கணவன் எல்வியோ பிறகு சேர்த்துக்கொள்வான்.

எல்வியோ கனேப்பா என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் கலஃபாத்தோவைத் தெரியும். கப்பல் பலகை இடுக்குகளில் தார் அடைக்கிற தொழிலாளி. வேலை முடிந்ததும் ஜெனோவா துறைமுகத்தில் நடக்கும் கொலைகளைத் துப்பறிவான். மாதம் ஒரு படக்கதைப் புத்தகம். இத்தாலி முழுக்கப் பத்திரிகைக் கடைகளில் கிளிப்பில் தொங்கும். ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகிறவர்களும் உண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. இப்போது பக்கங்களை வேறு நான்கு பேரும் வரைகிறார்கள். அட்டையும் சாவுகளும் மட்டும் எல்வியோவுடையவை. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மற்றவர்கள் பிணத்தைக் குப்புறப் போட்டு, தொப்பியால் மூடி, நிழலைப் பூசித் தப்பித்துக்கொள்வார்கள். எல்வியோ முகத்தை வெளிச்சத்தில் வைப்பான். அந்த முகம் என்னுடையது.

நானும் நுண்கலைக் கல்லூரியில்தான் படித்தேன், அவனுக்கு ஒரு வகுப்பு கீழே. இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. ஒருவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அவன் என்னைவிட நன்றாக வரைந்தான். அவ்வளவுதான். தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணி. விடிந்ததும் வீட்டுக்கு வந்து, தூங்குவதற்கு முன்னால் அவனுக்காக ஏணியில் நின்றேன், மேசைக்கடியில் ஒளிந்தேன், துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்தேன். பேட்டி எடுக்க வருகிறவர்கள் இதைத் தியாகம் என்று எழுதுவார்கள். தியாகம் செய்தவர்களுக்கு என்னளவு கோபம் வராது. எல்வியோவும் ஒவ்வொரு பேட்டியிலும் "டெல்ஃபினா இல்லேன்னா நான் இல்ல" என்பான். அந்த வாக்கியத்தை அவன் நன்றாகப் பழகி வைத்திருந்தான்.

அவன் புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டான். போட்டோவில் உடம்புக்கு எடை இருக்காது என்பான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. நான் எந்த வேலையில் இருந்தாலும், அவன் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு "அசையாதே" என்றால் அசையக் கூடாது. எத்தனையோ நாள் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. அசைந்தால் திட்டுவான். நானும் திருப்பித் திட்டுவேன், ஆனால் அசையாமல்.

இருநூறாவது இதழில் ஆல்மா சாக வேண்டும் என்று பதிப்பகத்தில் முடிவு செய்தார்கள். ஆல்மா என்பவள் கலஃபாத்தோ திருமணம் செய்துகொள்ளாமல் இழுத்தடிக்கும் பெண். வாசகர்களுக்கு அவள்மேல் கலஃபாத்தோவைவிடப் பிரியம். மற்ற பக்கங்களெல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. ஆல்மா சாகும் ஒரு பக்கம் மட்டும் எல்வியோவின் மேசையில் வெள்ளையாகக் கிடந்தது.

அவனால் முடியவில்லை. என்னைக் கட்டிலில் விழவைத்தான், படிக்கட்டில் விழவைத்தான், நாற்காலியிலிருந்து சரியவைத்தான்.

"உன் உடம்புக்கு நீ விழப்போறேன்னு தெரியுது" என்றான். "செத்தவளுக்குத் தெரியாது."

"அப்ப நிஜமா ஒருத்தியக் கொன்னு படுக்கப் போடு. மூணாவது மாடி சிஞ்ஞோரா ரெப்பெத்தோ சும்மாதான் இருக்கா."

"அவ குண்டு. ஆல்மா சட்டை பத்தாது."

சிரித்தோம். ஆனால் அவன் சாப்பிடவில்லை. மாலையில் தாளைக் கிழித்தான்.

அவன் இப்படி மாட்டிக்கொள்ளும்போது, அவன் கேட்காமலே நான் ஒன்று செய்வேன். அவன் அறையிலிருந்து வெளியே வரும் நேரம் பார்த்து எங்காவது செத்துக் கிடப்பேன். நடையில், கதவோரத்தில். அவன் வந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தாளும் பலகையும் எடுத்து வருவான். அந்த வாரமே இரண்டு முறை அப்படிக் கிடந்தேன். ஒரு முறை நேற்றைய காபியைத் தரையில் ஊற்றிவிட்டுப் படுத்தேன், ஓடுகளின் இடுக்கில் ரத்தம் எப்படி ஓடும் என்று அவன் பார்க்கட்டுமே என்று. "ஆகா, டெல்ஃபி" என்றான். வரைந்தான். அதையும் கிழித்தான்.

பிறகு ஒரு காலை, கையில் காபிக் கெட்டிலோடு அடுக்களையிலிருந்து நடைக்கு வந்தேன். வலது கால் என்னுடையதாக இல்லை. யாரோ வேறு ஒருத்தியின் காலை எனக்குப் பொருத்தியதுபோல இருந்தது. அதை ஒரு வேடிக்கையாக நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கன்னத்தின் கீழே ஓட்டின் சில்லிப்பு, காபி வாசனை. எல்வியோவின் செருப்பு. நான் கூப்பிட நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தம். தாளில் பென்சில் ஓடும் சத்தம்.

*

மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கை படுக்கையில் ஒரு பொட்டலம்போலக் கிடந்தது. தலைக்குள் எல்லாச் சொற்களும் வழக்கம்போல வரிசையில் நின்றன. வாயைத் திறந்தால் ஒன்றோ இரண்டோதான் வெளியே வந்தன. ஆமா. இல்ல. நான். இது. இவை போக இன்னொரு சொல் ஒரு கீறலும் விழாமல் அப்படியே மிஞ்சியிருந்தது: பெலின். ஜெனோவாக்காரன் வாயில் மூச்சுக்கு மூச்சு வரும் சொல். ஆண்குறி என்று அர்த்தம், ஆனால் மழை வந்தாலும் சொல்வோம், பேருந்து போய்விட்டாலும் சொல்வோம். மருத்துவர் வந்து "எப்படி இருக்கீங்க சிஞ்ஞோரா?" என்று கேட்டார். "பெலின்" என்றேன். செவிலிப்பெண் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

மருத்துவர் எல்வியோவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் விழுந்து எவ்வளவு நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான் என்பது முக்கியம் என்றார்.

"பாத்த உடனே போன் பண்ணேன்" என்றான் எல்வியோ. அவன் என் கால்மாட்டில் நின்றான். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

பென்சில் சத்தம் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவேளை மூளையே இட்டுக்கட்டியிருக்கலாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், இந்த மாதிரி விழுந்தவர்கள் மணியோசை கேட்டதாகவும் செத்துப்போன அம்மா பாடியதாகவும் சொல்வார்கள் என்றாள். எனக்குப் பதினேழு வருடம் கேட்ட சத்தம் அது. மணியோசைக்குப் பதில் எனக்கு அது வந்திருக்கலாம். அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

நான் வீடு திரும்பியதும் என் அக்கா யோலாண்டா சவோனாவிலிருந்து வந்தாள். மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"மேஸ்த்ரோ என்ன சமைச்சிருக்கார் இன்னைக்கு?"

"சூப்பு" என்றான் எல்வியோ.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "இது சூப்பா? பிரஷ் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. டெல்ஃபி, இங்க பாரு. என் வீட்ல லிஃப்ட் இருக்கு. பக்கத்துத் தெருவுலயே பயிற்சி நிலையம். இந்த மாசக் கடைசில கார் எடுத்துட்டு வரேன். வர்றியா?"

நான் எல்வியோவைப் பார்த்தேன்.

"முட்டை அவிக்கத் தெரியாத மேதைகிட்ட உன்ன விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"யோலாண்டா, நான் பாத்துக்கறேன்" என்றான் எல்வியோ.

"நீ பாக்கறத எல்லாரும் பாத்திருக்கோம். நீ பாத்துட்டே இருப்ப. அவதான் எல்லாத்தையும் செய்வா."

அவள் தெரியாமல்தான் சொன்னாள். எல்வியோவின் முகம் சாம்பல் நிறமானது. நான் அதைப் பார்த்தேன்.

அக்கா போனபின் இடது கையில் ஒரு பென்சிலை எடுத்தேன். செய்தித்தாளின் ஓரத்தில் கிறுக்கினேன். கிர், கிர், கிர். நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன். தரையைக் காட்டினேன். மறுபடி கிறுக்கினேன். இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"வரையணும்போல இருக்கா?" என்றான். "நல்லது. பேச்சுப் பயிற்சிக்காரிகிட்ட கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்."

"இல்ல" என்றேன். கிறுக்கினேன்.

"பாத்திரம் கெடக்கு, டெல்ஃபி." எழுந்து போனான். குழாய் வெகுநேரம் ஓடியது.

அவன் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். அதையும் சொல்ல வேண்டும். குளிப்பாட்டினான், தலை வாரினான், கழிப்பறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்துக்கொண்டான். அதுதான் எனக்குப் புரியவில்லை. என் உடம்பை அங்குலம் அங்குலமாக வரைந்தவன் இப்போது என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணைச் சுருக்கவில்லை. "அசையாதே" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. என் பாதி உடம்பு தானாகவே அசையாமல் கிடக்கும்போது, ஓவியனுக்கு இதைவிட வசதி உண்டா?

சவோனாவுக்குப் போவதா வேண்டாமா என்பது லிஃப்டைப் பற்றிய விஷயமாக எனக்குப் படவில்லை. அந்தச் சத்தம் நிஜமா என்று தெரியாமல் என்னால் போகவும் முடியாது, அவன் ஊட்டுகிற சூப்பை விழுங்கிக்கொண்டு இருக்கவும் முடியாது.

*

மாதக் கடைசிக்கு முன்னால் மிலானோவிலிருந்து கலிம்பெர்த்தி வந்தார். கலஃபாத்தோவின் ஆசிரியர் அவர். கதைகளை முடிவு செய்கிறவர், பக்கங்களுக்காக எல்வியோவை விரட்டுகிறவர். நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கையில் இனிப்புத் தட்டு, இன்னொரு கையில் ஒரு அட்டை உறை.

"சிஞ்ஞோரா டெல்ஃபினா! நீங்க எப்பவும் இருக்கறதவிட அழகா இருக்கீங்க."

"பெலின்" என்றேன்.

"ஆகா. பேச்சு முழுசாத் திரும்பிடுச்சே!" அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு எல்வியோவைப் பார்த்து, உறையிலிருந்து ஆல்மா சாகும் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "உன் வீட்டு நெலம எனக்குத் தெரியும். அதனால போன்ல சொல்லல, நேர்ல வந்தேன். இந்தப் பக்கத்தத் திரும்ப வரையணும்."

"முடிச்சுக் குடுத்துட்டேன்."

"எல்வியோ, இவ சாகல. மத்தியானம் தூங்கறா. பக்கத்துல பூனை ஒண்ணுதான் கொறை."

என் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆல்மா இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமுடி கலைந்து முகத்தை முழுக்க மூடியிருந்தது. தோளில் ஒரு நிழல். மற்ற நான்கு பேரில் யாராவது ஒருவர் வரைந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"முகம் வேணாம்னு தோணிச்சு" என்றான் எல்வியோ.

"இதச் சொல்றது நீயா? பதினேழு வருஷமா ஒரு பொணத்தோட மூஞ்சியக்கூட நீ மறைச்சதில்ல. ரெண்டு வரி வசனம் பேசிட்டுச் சாகற மீன்காரனுக்குக்கூட மூஞ்சி வெச்ச. இப்ப ஆல்மாவுக்கு இல்லயா? ஜனங்க அழறதுக்குத் தயாரா இருக்காங்கய்யா. எதப் பாத்து அழுவாங்க, முடியப் பாத்தா?"

எல்வியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். துறைமுகத்தில் ஒரு கப்பல் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அவன் முகத்தை மறைத்தது வரைய முடியாமல் போனதால் அல்ல என்று அப்போது எனக்குத் தெரிந்தது. வரைய முடியாத நாட்களில் அவன் தாளைக் கிழிப்பான், இப்படி முடி போட்டு மூட மாட்டான். நான் விழுந்தது வலப்பக்கம். இவளை இடப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறான். எதுவெல்லாம் நடந்ததோ அதற்கெல்லாம் நேர் எதிராக வரைந்திருந்தான். பார்க்காத ஒன்றிலிருந்து ஒருவன் இவ்வளவு கவனமாக விலகிப் போக முடியாது.

"இருக்கு" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அந்தச் சொல் எனக்கு அன்றுதான் முதல்முறை வந்தது.

"என்ன இருக்கு, சிஞ்ஞோரா?"

இடது கையால் எல்வியோவின் சாய்மேசையைக் காட்டினேன். அவனுக்கு வெட்கம் தரும் படங்களை அவன் கிழிப்பதில்லை. மேசையின் சாய்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகிவிடுவான். கல்லூரி நாட்களிலிருந்தே அப்படித்தான். "கீழ" என்றேன்.

"டெல்ஃபி" என்றான் எல்வியோ. "வேணாம்."

"கீழ."

கலிம்பெர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பதினேழு வருடமாகப் பக்கங்களைத் தேடி வரும் மனிதர்; வாசனை பிடித்துவிட்டார். பலகையைத் தூக்கினார். கையை விட்டார். ஒரு தாளை வெளியே இழுத்தார்.

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"கடவுளே" என்றார் மெதுவாக. "எல்வியோ, இத வெச்சுகிட்டு எனக்கு அந்தத் தூங்குமூஞ்சிய அனுப்பினியா?"

"அத அச்சடிக்க முடியாது."

"ஏன்?"

எல்வியோவின் வாய் திறந்து மூடியது. அன்று எங்கள் வீட்டில் பேச முடியாத ஆட்கள் இரண்டு பேர்.

"இந்தக் கண்ணு" என்றார் கலிம்பெர்த்தி. "இந்த வாய் ஓரம் சரியறது. இதெல்லாம் எங்கேர்ந்து வந்துது? யாரு போஸ் குடுத்தது இதுக்கு?"

"நான்" என்றேன்.

"நீங்களா? நோவுக்கு முன்னாலயா? சிஞ்ஞோரா, உங்க கைய முத்தமிடணும்." எழுந்து வந்து முத்தமிட்டார். வலது கையை. எனக்கு அது தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "நாலு மணி ரயில்ல இத எடுத்துட்டுப் போறேன். மை மட்டும் போட்டுக் குடு, எல்வியோ. நான் கீழ எங்கயாவது சாப்பிட்டுட்டு வரேன். ஒரு கோடுகூட மாத்தாதே!"

படி இறங்கும்போது அவர் விசிலடித்தது கேட்டது.

*

தாளை எனக்குக் கொடு என்று கை நீட்டினேன். கொடுத்தான்.

என் கணவன் வரைந்ததில் அதுதான் மிகச் சிறந்தது. அதை மறுத்து என்ன பயன்? ஓடுகளின் இடுக்கில் காபி ஓடியிருந்தது. கெட்டிலின் மூடி தனியாக உருண்டு கிடந்தது. ஒரு செருப்பு காலில், ஒன்று சுவரோரம். வலது கன்னம் தரையில் அழுந்தி, உதடு ஒரு பக்கம் கீழே வழிந்து, ஒரு கண் மட்டும் மேலே யாரையோ பார்த்தது. அந்த உடம்புக்கு, தான் விழப்போவது தெரிந்திருக்கவில்லை. வாரம் முழுக்க நான் கொடுக்க முயன்று முடியாததை அன்று கொடுத்திருந்தேன்.

"நீ காபிய ரத்தத்துக்காகக் கொட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றான் எல்வியோ. தரையைப் பார்த்துப் பேசினான். "அதுக்கு முன்ன ஒரு தடவ செஞ்சியே, அதே மாதிரி. இந்தத் தடவ சூடாவே கொட்டிருக்காளே, எவ்வளவு சிரத்தைன்னு நெனச்சேன். சத்தியமா, டெல்ஃபி. பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டேன். ஓடிப் போய்ப் பலகைய எடுத்துட்டு வந்தேன்."

நான் அவனை நம்பினேன். வேறு எந்த வீட்டில் மனைவி தரையில் விழுந்தாலும் கணவன் கத்துவான். எங்கள் வீட்டில் பென்சிலைச் சீவுவான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டை அப்படிப் பழக்கியிருந்தோம்.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினேன். அது கல்லூரிப் பழக்கம். பென்சில் வேலையை அப்படித்தான் பார்ப்போம். எல்வியோ அழுத்தி வரைகிறவன். ரப்பரால் அழித்தாலும் பள்ளம் போகாது. வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் தெரிந்தது.

இன்னொரு கை.

படத்தில் இடது கை மார்போடு மடங்கிக் கிடந்தது. அழித்த கை அப்படி இல்லை. தரையோடு நீண்டு, விரல்கள் விரிந்து, வரைகிறவனின் பக்கமாக வந்திருந்தது. படத்தைச் சுற்றிப் போட்ட கட்டத்தின் கோட்டையும் தாண்டியிருந்தது. முதலில் அந்தக் கையை முழுதாக வரைந்திருக்கிறான், நகங்கள் வரைக்கும். பிறகு கை அங்கே இல்லாமல் போனதும் அழித்துவிட்டு, புதிய இடத்தில் மறுபடி முழுதாக வரைந்திருக்கிறான்.

அழித்த இடத்தின் மேல் விரலை வைத்தேன். "இது" என்றேன்.

அவன் தெரியாததுபோல நடிக்கவில்லை. அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

"நீ கைய நீட்டிட்டு இருந்தே. நல்லா இருந்துது. வரைஞ்சேன். அப்புறம் அது ஆடிச்சு. 'அசையாதே'ன்னு சொன்னேன். மறுபடி ஆடிச்சு. அப்புறம் நீயே உள்ள இழுத்துகிட்டே." மூச்சு வாங்கினான். "எனக்குக் கோவம் வந்துது. போஸக் கெடுக்கறாளேன்னு."

எப்போது தெரிந்தது என்று கேட்க நினைத்தேன். "எப்போ" என்பது வரவில்லை. அவனுக்கே புரிந்தது.

"முடிச்சப்பறம். 'போதும், எழுந்திரு, காபி போடு'ன்னு சொன்னேன். நீ எழுந்திருக்கல."

காபி போடு.

நான் சிரித்தேன். முகத்தின் பாதிதான் சிரித்தது. அது பார்க்க நன்றாக இருந்திருக்காது. அவன் அழ ஆரம்பித்தான். மூக்கு ஒழுகியது. தாளில் விழுந்துவிடப் போகிறதே என்று தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அது தானாக வந்த அசைவு. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதில், "இத எரிச்சுடறேன், டெல்ஃபி" என்றான். "கலிம்பெர்த்திகிட்ட நான் பேசிக்கறேன். தூங்குமூஞ்சியே போகட்டும். இத யாரும் பாக்க வேணாம்."

அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. தரையில் கிடந்தவளைப் பார்த்து அவன் வரைந்ததற்குக்கூட அவ்வளவு வரவில்லை. என் கை போயிற்று, பேச்சு போயிற்று. அதற்குப் பதிலாக இந்த உலகத்தில் கிடைத்தது இந்த ஒரு தாள். இதைப் பலகைக்கு அடியில் செருகிவைத்துவிட்டு, மனசாட்சி உள்ளவன்போல முடியால் மூடிய ஒருத்தியை அனுப்பியிருக்கிறான். அவனால் பார்க்க முடியவில்லையாம். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவனுக்கு இப்போது பார்க்க முடியவில்லையாம்.

இதையெல்லாம் அவனிடம் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. "மை" என்றேன்.

"என்னால முடியாது."

"மை."

அவன் என்னைப் பார்த்தான், ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறையாக. அப்புறம் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, தாளைப் பலகையில் ஒட்டினான். மைப்புட்டியைத் திறந்தான். என் நாற்காலியை மேசை அருகே இழுத்துக்கொள்ளச் சொல்லிச் சைகை செய்தேன். இழுத்தான்.

மை போடுவது என்றால் ஒவ்வொரு கோட்டையும் இரண்டாம் முறை பார்ப்பது. பென்சிலில் அவசரமாகத் தாண்டிப் போகலாம், மையில் முடியாது. முதலில் ஓடுகள், காபி, கெட்டில். செருப்பு. மடங்கிய கால். கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை. வாய்க்கு வந்தபோது நிறுத்தினான். நான் மேசையைத் தட்டினேன். போட்டான். கண்ணுக்கு வந்தபோது நிறுத்தவில்லை.

கடைசியில் கை. பேனா முனையை மார்போடு மடங்கிய கையின் மேல் கொண்டுபோனான்.

"இல்ல" என்றேன். அழித்த கையின் பள்ளத்தின் மேல் விரலை வைத்தேன். "இது."

"அது கட்டத்தத் தாண்டிப் போகுது, டெல்ஃபி. நான் கட்டத்தத் தாண்டி ஒண்ணும் போடறதில்ல. உனக்குத் தெரியும்."

"இது."

"கலிம்பெர்த்தி ஒரு கோடுகூட மாத்தாதேன்னார்."

"பெலின்" என்றேன்.

மடங்கிய கையை ரப்பரால் அழித்தான். பள்ளத்தைத் தேடித் தேடி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நீண்ட கையை மையில் கொண்டுவந்தான். விரல்கள், நகங்கள். கட்டத்தின் கோடு அந்தக் கைக்காக ஓரிடத்தில் அறுந்து நின்றது. இருநூறு இதழில் முதல்முறை.

கலிம்பெர்த்தி திரும்பி வந்தபோது பூண்டு வாசனை அடித்தது. படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "இது முன்ன இல்லயே" என்றார். பிறகு, "வாயத் தொறக்க மாட்டேன்" என்று உறையில் போட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் யோலாண்டா காரோடு வந்தாள். என் பெட்டியை எல்வியோதான் கட்டினான். அக்கா அவன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள்.

*

சவோனாவில் லிஃப்ட் இருக்கிறது. பயிற்சி நிலையமும் இருக்கிறது. கால் கொஞ்சம் வருகிறது, சொற்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக வருகின்றன. இருநூறாவது இதழ் தெருமுனைக் கடையில் ஒரு வாரம் தொங்கியது. பிறகு தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள். கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. "ஆல்மாவோட கையப் பாத்தீங்களா சிஞ்ஞோரா?" என்றார். "என் பொண்டாட்டி அந்தப் பக்கத்தத் தொறக்கவே மாட்டேங்கறா. அது தன் கால்ச்சட்டையப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்காம்." பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்வியோ ரயிலில் வருகிறான். ஜெனோவாவிலிருந்து கடலைமாவு அடை வாங்கி வருகிறான். வந்து சேர்வதற்குள் ஆறிப்போகிறது. யோலாண்டா அதைச் சூடாக்கித் தந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவன் எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை, எனக்கே தெரியாததால்.

போன ஞாயிறு ஏதோ ஒரு விழாவிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் இன்னும் அடையாள அட்டை குத்தியிருந்தது.

"எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க" என்றான். "கடைசில ஆல்மா யாரைக் கூப்பிடறான்னு. ஒரு சின்னப் பொண்ணு அழுதுட்டே கேட்டா."

"நீ... என்ன... சொன்ன?"

அடையைப் பிய்த்தான். வாயில் போடாமல் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"கலஃபாத்தோவைன்னு சொன்னேன்."

"பெலின்" என்றேன். ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் வந்தது.